டீ ஆறினால் நாவல் நன்று

லிஃப்ட் மெக்கானிக்குக்குச் சூடான டீ என்றால் உயிர். ஆனால் கல்யாணமாகி இந்த ஆறு வருஷத்தில் வீட்டில் அவர் குடித்ததெல்லாம் பச்சைத் தண்ணீராய் ஆறிப்போன டீதான். யாரும் வற்புறுத்தவில்லை. தானாகத் தேடிக்கொண்ட வினை.

அவர் மனைவி கதை எழுதுகிறாள். காதலும் வேண்டும், திகிலும் வேண்டும், படிக்கிறவர்கள் சிரிக்கவும் வேண்டும் என்கிற ரகம். எழுதிய பக்கங்களை அவரிடம் நீட்டி, பக்கத்தில் ஒரு டீயையும் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து துணி மடிப்பது போல் பாவனை செய்வாள். கல்யாணமான புதிதில் அவளுடைய நோட்டைத் 'தற்செயலாக'ப் புரட்டினார். தற்செயல் என்பது அவர் சொல்வது, நாம் நம்ப வேண்டியதில்லை. உள்ளே இப்படி இருந்தது: 'பக்கம் 12: டீயைத் தொடவில்லை. வேகம் சரி. பக்கம் 30: மடக் மடக்கென்று குடித்தார். கதை ஜவ்வாய் இழுக்கிறது.'

அன்றிலிருந்து மனிதர் எல்லாப் பக்கத்துக்கும் டீயை ஆறவிட்டார். அவள் முகம் வாடக்கூடாது, அவ்வளவுதான். கூடவே இருந்த மாமியார் மட்டும் கண்டுபிடித்துவிட்டார்.

"மாப்பிள்ளைக்கு ஆற வெச்சே குடுத்துடேன்டி. பாவம், காத்திருக்கற வேலையாவது மிச்சமாகும்."

இப்போது அவளுடைய முதல் முழு நாவல் பதிப்பகத்திலிருந்து இரண்டாவது தடவையாகத் திரும்பி வந்திருந்தது. 'நடுவில் கதை நகரவே மாட்டேன் என்கிறது. இந்த மாதத்துக்குள் சரிசெய்து அனுப்புங்கள். இல்லாவிட்டால் மன்னிக்கவும்.'

"நடுவுலதான் நீங்க டீயையே மறந்துட்டீங்க!" என்று அவள் அழுதாள். "அப்போ தப்பு எங்க இருக்குன்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

அவருக்குச் சுருக்கென்றது. அன்பு என்று நினைத்துச் செய்த காரியம் அவளைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டிருக்கிறது.

மறுநாள் காலை அவள் அந்த நடுப்பகுதியையும் டீயையும் வைத்தாள். அவர் முதல் பக்கத்திலேயே டீயைக் காலி செய்தார். "இன்னொண்ணு கிடைக்குமா?" என்றார். மூன்றாவது கோப்பையில் அவள் முகம் சுருங்கிவிட்டது.

"உன் நோட்டை நான் எப்பவோ பார்த்துட்டேன்மா."

"அப்போ இத்தனை டீயும் நடிப்பா?"

"நடிப்புதான். உனக்காக."

"எனக்காக நடிச்சீங்க, சரி. கதைக்கு யார் இருந்தா?"

அவர் தனக்குத் தெரிந்த தொழிலை வைத்துச் சொன்னார். "லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னா உள்ள இருக்கறவங்க முதல்ல பதறுவாங்க. அரை மணி நேரம் ஆச்சுன்னா ஊர்க்கதை பேச ஆரம்பிச்சுடுவாங்க. நான் கதவைத் திறக்கறப்போ கொட்டாவி விட்டுக்கிட்டு வருவாங்க. உன் கதையில வர்ற பல் டாக்டரம்மா, தான் காதலிக்கற ஆளு நல்லவனா வைரத் திருடனான்னு யோசிச்சுக்கிட்டே நாற்பது பக்கமா பால்கனியில செடிக்குத் தண்ணி ஊத்தறாங்க. அந்தச் செடி எப்பவோ அழுகிப்போயிருக்கும்."

இரண்டு நாள் அவள் எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். மேஜையோடு மட்டும் பேசினாள். நாற்பது பக்கம் ஆறு பக்கமானது.

மூன்றாம் நாள் காலை அந்த ஆறு பக்கங்களும் பக்கத்தில் கோப்பையும் வந்தன. கதையில் டாக்டரம்மா கையில் கருவியோடு நிற்கிறாள். நாற்காலியில் அவன். கடைவாய்ப் பல்லின் குழிக்குள் ஏதோ மின்னுகிறது. வாயைத் திறந்தபடியே அவன் ஏதோ சொல்கிறான், காதலா மிரட்டலா என்று அவளுக்குத் தெரியவில்லை. மெக்கானிக் கோப்பையை எடுத்து உறிஞ்சினார், வைத்தார், பக்கத்தைத் திருப்பினார், மறுபடி உறிஞ்சினார். கடைசி வரியில்தான் நிமிர்ந்தார்.

"பாவி மக, மூச்சே நின்னுடுச்சு!"

"அதை விடுங்க. டீ எப்படி இருந்துச்சு?"

இனிமேல் பொய் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தார். அதனால் கொஞ்சம் யோசித்தே சொன்னார். "உள்ளதைச் சொல்லணும்னா, சர்க்கரை கொஞ்சம் கம்மி."

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினார். மெக்கானிக் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். கழுவித் துடைத்த கோப்பை. உள்ளே டீ ஊற்றிய கறைகூட இல்லை.

மனைவிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நோட்டை எடுத்து, 'காலிக் கோப்பையை இரண்டு தடவை குடித்தார்' என்று எழுதி, அடியில் கோடு போட்டாள். பிறகு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

அன்று வந்த டீ நாக்கைச் சுட்டது. அவர் ஊதாமல் குடித்தார்.