விமானத்துக்குப் பூ வைத்த கதை

எங்கள் தெருவில் மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் டீச்சராக இருந்தார்கள், நர்ஸாக இருந்தார்கள், பரவை மார்க்கெட்டில் கடைகூட வைத்திருந்தார்கள். என் அம்மா மட்டும் விமான மெக்கானிக். இதைப் பள்ளிக்கூடத்தில் சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. "அப்பறம் ஏண்டி உங்கம்மா டவுன் பஸ்ல தொங்கிக்கிட்டுப் போகுது?" என்று ஒருத்தி கேட்டு என் வாயை அடைத்துவிட்டாள்.

அம்மா வேலை பார்த்தது மதுரை விமான நிலையத்தை ஒட்டியிருந்த ஒரு சின்னப் பயிற்சிப் பள்ளியில். அங்கே இருந்ததே ஒரே ஒரு விமானம்தான். இரண்டு பேர் நெருக்கி உட்காரலாம். மூக்கில் ஒரு விசிறி, அதைச் சுற்றப் பெட்ரோலில் ஓடும் ஒரு எஞ்சின். அதற்கு எண்ணெய் மாற்றுவது, திருகாணி முடுக்குவது, ஒவ்வொரு நாளும் சுற்றிவந்து பார்த்து 'பறக்கலாம்' என்று கையெழுத்துப் போடுவது எல்லாம் அம்மாதான். அவள் கையெழுத்து விழாமல், பறக்கச் சொல்லிக்கொடுக்கும் கேப்டன் ஏறி உட்கார மாட்டார்.

அப்பாவுக்கு வெளியூரில் வேலை. சனிக்கிழமைதான் வருவார். ஞாயிற்றுக்கிழமை மாமா வருவார். அம்மாவின் தம்பியான அவர் ஆரப்பாளையத்தில் லாரி ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். கறிக்குழம்பு பாதி இறங்குவதற்குள் அம்மாவுக்கும் அவருக்கும் சண்டை வந்துவிடும். சண்டை எப்போதும் ஒன்றுதான். இரண்டாயிரம் மணி நேரம் ஓடிவிட்டால் அந்த எஞ்சினைக் கழற்றி, துண்டு துண்டாகப் பிரித்து, தேய்ந்ததை எல்லாம் மாற்றி, புதிதுபோலப் பூட்ட வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் அப்படித்தான். மாமாவால் இதைத் தாங்கவே முடியாது.

"ஓடுற எஞ்சினைப் போயி எவனாச்சும் பிரிப்பானாக்கா?"

"உன் லாரி நின்னா ஓரங்கட்டிட்டு டீ குடிப்ப. இது நின்னா எங்கடா ஓரங்கட்டுவ?"

மாமா எலும்பைக் கடிக்க ஆரம்பித்துவிடுவார். ஒவ்வொரு வாரமும் அம்மாதான் ஜெயிப்பாள்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம், ஆயுத பூஜை வந்தபோது அந்த எஞ்சினுக்கு இன்னும் நாற்பது மணி நேரம்தான் பாக்கி இருந்தது. பூஜைக்கு என்னையும் மாமாவையும் அம்மா கூட்டிப்போயிருந்தாள். பெட்ரோல் இருக்கும் இடம் என்பதால் சூடம் கூடாது, ஊதுபத்தி கூடாது, பூசணிக்காயை வெளியே போய் உடை என்று ஏகப்பட்ட சட்டம். சந்தனத்துக்கும் பூவுக்கும் மட்டும் தடையில்லை. மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். நான் ஒரு வேலையை எடுத்தால் அரைகுறையாக விடுகிற ஆள் இல்லை. கதவுக்கு, சக்கரத்துக்கு, விளக்குக்கு, இறக்கைக்கு என்று பார்த்த இடத்தில் எல்லாம் பொட்டு வைத்தேன். இடது இறக்கைக்கு அடியில் பென்சில் கனத்துக்கு ஒரு குட்டிக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது.

"இதுக்குப் பூ வைக்கவா மாமா?"

"வையி மருமகளே. அது மட்டும் என்ன பாவம்?"

ஒரு சாமந்திப்பூவைக் காம்போடு அதற்குள் செருகினேன். விழுந்துவிடக் கூடாதே என்று சுற்றிலும் சந்தனத்தை அப்பி அடைத்தேன். அம்மா அப்போது பயிற்சிப் பள்ளி முதலாளிக்குச் சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விஜயதசமி. புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு அக்காவுக்கு அன்றைக்குத்தான் முதல் பாடம். நல்ல நேரம் முடிவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று முதலாளி விரட்டினார். அம்மா அவசரமாக மாலைகளைக் கழற்றி, பொட்டுகளைத் துடைத்து, சுற்றிவந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். என் சாமந்தி ராத்திரியே காம்பொடிந்து விழுந்திருக்கிறது. காம்பு மட்டும் உள்ளே இருந்தது.

டி. கல்லுப்பட்டி பக்கம் போகும்போது எஞ்சின் நின்றுவிட்டது.

அதிர்ஷ்டம், கேப்டன் கைதேர்ந்தவர். சத்தமே இல்லாமல் விமானத்தை வழுக்கிக்கொண்டு வந்து, தண்ணீர் இல்லாத ஒரு கண்மாயில் இறக்கிவிட்டார். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. மேய்ந்துகொண்டிருந்த ஒரு வெள்ளாடு மட்டும் பயந்து ஓடி, சாயங்காலம்தான் வீடு திரும்பியதாம்.

மாமாவின் வேனில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கண்மாய்க்குள் திருவிழாக் கூட்டம். என்னை விட்டுவிட்டு வர வீட்டில் ஆள் இல்லாததால் நானும் போயிருந்தேன். வேலமரத்தடியில் யாரோ கட்டில் கொண்டுவந்து போட்டு, கேப்டனை உட்காரவைத்து மோர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அக்கா கைபேசியில் தன் அம்மாவிடம் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் பேசிக்கொண்டிருந்தாள். முதலாளி எங்களுக்கு முன்பே வந்து, "எஞ்சினுக்கு வயசாயிருச்சு, வேற ஒண்ணுமில்ல" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மா முதலில் அந்த அக்காவைத் தலைமுதல் கால்வரை தடவிப் பார்த்தாள். பிறகு விமானத்தைச் சுற்றி நடந்தாள். இடது இறக்கைக்கு அடியில் நின்றாள். பையிலிருந்து மெல்லிய கம்பி ஒன்றை எடுத்து அந்தக் குழாய்க்குள் விட்டு நோண்டினாள். காய்ந்த சந்தனமும் ஒரு பச்சைக் காம்பும் அவள் உள்ளங்கையில் விழுந்தன. அவற்றை ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேன். அவள் அதைக் கைக்குட்டையில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

சாமிக்கு வைத்த பூ, கீழே போடக் கூடாது என்றுதான் அம்மா பத்திரப்படுத்துகிறாள் என்று நினைத்தேன். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அங்கே நின்றவர்களிடம் எல்லாம் அந்தப் பூ நான் வைத்தது என்று சொன்னேன். ஒரு பாட்டி என் கன்னத்தை வழித்து, "இம்புட்டுப் புள்ள வச்ச பூவுல்ல ரெண்டு உசுரக் காப்பாத்தியிருக்கு" என்றார். யாரோ கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தார்கள். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு விழா அதுதான்.

மாமாவின் முகம் மட்டும் வெளிறிப் போயிருந்தது. அம்மாவை வேனுக்குப் பின்னால் கூப்பிட்டுப் போனார். மிட்டாயைச் சப்பிக்கொண்டே நானும் போனேன்.

"அக்கா, எஞ்சின் மேல பழியப் போட்டு எழுதிரு. அதுக்குத்தான் காலம் முடியப் போகுதே. மொதலாளியே அப்படித்தான சொல்றாரு? யாரு கேக்கப் போறா?"

"எஞ்சின் என்னடா பண்ணுச்சு?" என்றாள் அம்மா.

அம்மாவுக்கு அந்த எஞ்சின் மேல் அம்புட்டுப் பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அம்மா மூன்று மாதம் வீட்டில் இருந்தாள். "லீவு" என்றாள். என் சின்ன வயதில் அதைப்போல ஒரு காலம் வரவே இல்லை. மழையில் குடையோடு பள்ளிக்கூட வாசலில் நின்றாள். இரட்டைச் சடை பின்னிவிட்டாள். மத்தியானம் சூடாகச் சோறு வந்தது. ஒருநாள் புது எண்ணெய் டின்னில் ஆணியால் ஓட்டை போட்டாள். கவிழ்த்தால் எண்ணெய் வரவில்லை. "காத்து உள்ள போக வழி வேணும். இல்லன்னா எம்புட்டு இருந்தாலும் எறங்காது" என்று இன்னொரு ஓட்டை போட்டாள். எண்ணெய் தாராளமாக விழுந்தது. போதும் போதும் என்று நான் கத்திய பிறகுதான் டின்னை நிமிர்த்தினாள்.

மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் அல்வாவோடு வந்தார், சண்டை போடாமல் சாப்பிட்டார். எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார்கள், உள்ளே எல்லாம் தங்கம்போல இருந்தது என்று சேதி வந்தது. அத்தனை வருஷச் சண்டையில் மாமாவுக்குக் கிடைத்த ஒரே வெற்றி. அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

போன வருஷம் அம்மா ஓய்வு பெற்றபோது அவளுடைய காகிதங்களை அடுக்கிக் கொடுத்தேன். அன்றைக்கு அவள் எழுதிக் கொடுத்ததன் நகல் அதில் இருந்தது. பெட்ரோல் டேங்குக்குக் காற்றுப் போகும் குழாயில் பூக்காம்பு அடைத்திருந்தது, எஞ்சினில் குறையில்லை, பறக்கும் முன் பார்த்துக் கையெழுத்திட்டது நான், அந்தக் குழாயை நான் பார்க்கவில்லை. அவ்வளவுதான். பூவை யார் வைத்தார்கள் என்று அதில் இல்லை. அதற்குக் கீழே, அம்மாவின் உரிமத்தை மூன்று மாதம் நிறுத்திவைத்த உத்தரவு இருந்தது.

லீவு முடிந்து அம்மா வேலைக்குக் கிளம்பிய காலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வாசலை மறித்துக்கொண்டு அழுதேன். அடுத்த ஆயுத பூஜைக்கும் அந்தக் குழாயில் நானே பூ வைக்கிறேன், அப்போதுதான் உனக்கு மறுபடியும் லீவு கொடுப்பார்கள் என்றேன். அம்மா குனிந்து என் மூக்கைத் துடைத்துவிட்டாள். "வைக்கலாம்டா தங்கம்," என்றாள். "அம்மா காட்டுற எடத்துல வையி."

பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். எனக்கு அன்றைக்கு அம்மாமேல் ரொம்பக் கோபம்.