கருத்தப்பாண்டி போட்ட கொண்டி

கோவில்பட்டியில் பிணங்களுக்குப் பயப்படாத ஒரே ஆள் கருத்தப்பாண்டிதான். டிவியில் வரும் பிணங்களைச் சொல்கிறேன். 2004-ல் தீப்பெட்டி ஆபீசில் ஃபோர்மேனாக இருந்தான். ஞாயிறு மத்தியானம் தமிழ் பேசும் இங்கிலீஷ் படம் போட்டால் சோறு தண்ணீர் வேண்டாம் அவனுக்கு. அதில் செத்தவர்கள் எழுந்து வந்து கடிப்பார்கள், கடிபட்டவர்களும் பிணமாகி அலைவார்கள். திங்கட்கிழமை, தீக்குச்சிகளைக் கட்டை என்கிற மரச்சட்டத்தில் அடுக்கும் பெண்களிடம் படத்தை முழுசாக நடித்துக் காட்டிவிடுவான்.

"நம்மூருக்கு வந்தா என்ன செய்வீய அண்ணாச்சி?" என்பாள் வேலுத்தாய். பசுவந்தனையிலிருந்து ஆபீஸ் வண்டியில் வருகிறவள். அவன் கதைக்கு முதலில் சிரிப்பவளும் அவள்தான்.

"ஒங்களையெல்லாம் உள்ள விட்டுட்டுத்தான் கதவைச் சாத்துவேன். ஒருத்தியக்கூட வெளிய விட்டுட்டுச் சாத்த மாட்டேன்."

சித்திரையில் ஒருநாள் பகலில், மருந்தில் முக்கியெடுத்த குச்சிகள் காயும் அறையில் தீப்பிடித்தது. தீப்பிடித்தால் ஆட்களை வெளியேற்றிவிட்டு அறைக்கதவைச் சாத்த வேண்டும், அடுத்த அறைக்குத் தீ தாவக்கூடாது என்பது ஆபீசில் எல்லோருக்கும் சொல்லிவைத்த பாடம். உள்ளே நின்ற கருத்தப்பாண்டி திரும்பிப் பார்க்காமல் வெளியே பாய்ந்தான். கதவைச் சாத்திக் கொண்டியும் போட்டான். "அண்ணாச்சி!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவன் கை இன்னும் கொண்டியின் மேல்தான் இருந்தது. கொண்டியை எடுத்துவிட்டிருக்கலாம். ஓடிவிட்டான்.

அந்த அறைக்குள் கட்டை எடுத்துப் போயிருந்த வேலுத்தாய், புகைக்குள் தடவித் தடவிப் பின்வாசல் வழியாக வெளியே வந்து விழுந்தாள். வலது கை முழங்கை வரை வெந்துபோயிருந்தது.

தீ ஒரு அறையோடு போனதில் முதலாளிக்கு ஏக சந்தோஷம். அடுத்த மாதம் எல்லோரையும் கூட்டிவைத்து கருத்தப்பாண்டிக்கு வேட்டி சட்டை கொடுத்தார். கட்டுப் போட்ட கையோடு வேலுத்தாயும் வந்திருந்தாள். கைதட்ட முடியாமல் இடது கையால் தொடையைத் தட்டினாள். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. ஆனாலும் வேட்டியை வாங்கிக்கொண்டான்.

கூட்டம் கலையும்போது அவள் பக்கத்தில் வந்தாள்.

"நான் உள்ள இருந்தது ஒங்களுக்குத் தெரியாதுல்லா அண்ணாச்சி? எங்க வீட்டுக்காரவிய கோவப்படுதாவ. அண்ணாச்சிக்குத் தெரிஞ்சிருந்தா விட்டுட்டுப் போவாவளான்னு நான்தான் அவியளச் சத்தம் போட்டேன்."

கருத்தப்பாண்டி வேட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

"தெரியாது தாயி. நீ கூப்பிட்டதுகூட எனக்குக் கேக்கலயே."

வேலுத்தாய் அவன் முகத்தையே பார்த்தாள். தான் கூப்பிட்டதை அவள் இதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"சரி அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில், படத்தில் கதவை அடைக்கும் கட்டம் வந்தால் கருத்தப்பாண்டி எழுந்து தெருவுக்குப் போய்விடுவான். திங்கட்கிழமை, புதிதாகச் சேர்ந்தவர்கள் யாராவது கதை கேட்டால், "படம் பாக்கல" என்பான். வேலுத்தாய் தலை நிமிராமல் இடது கையால் கட்டையில் குச்சி அடுக்கிக்கொண்டிருப்பாள்.