காஸ் மட்டும் போடாத நுரை மாமா

என் வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். அப்படிச் சொன்னால் இந்தக் குடியிருப்பில் யாருக்கும் தெரியாது. 'நுரை மாமா' என்று கேட்டுப் பாருங்கள், சின்னக் குழந்தைகூட எங்கள் கதவைக் காட்டும். ஏசி குளிரவில்லை என்று யார் கூப்பிட்டாலும், முதல் வேலையாகச் சோப்பைக் கரைத்து நுரை எழுப்புவார். காப்பர் பைப் மூட்டு ஒவ்வொன்றிலும் பிரஷ்ஷால் தடவிவிட்டு, எங்காவது குமிழி வருகிறதா என்று கண்கொட்டாமல் உட்கார்ந்திருப்பார். அப்படி வந்த பேர் அது.

சிலருக்கு அவசரம் தாங்காது. "மாமா, சும்மா கொஞ்சம் காஸ் போட்டு விட்டுடுங்க, ஆபீசுக்கு நேரமாச்சு" என்று வாய் தவறிச் சொல்லிவிடுவார்கள். போச்சு! பிடித்துக்கொள்வார்.

"காஸ் என்ன பெட்ரோலா சார், ஓட ஓடத் தீர்றதுக்கு? அது உள்ளேயே சுத்திச் சுத்தி வர்ற சமாச்சாரம். குறைஞ்சிருக்குன்னா எங்கேயோ ஓட்டைன்னு அர்த்தம். அதை அடைக்காம மேல மேல ஊத்தினா யாருக்கு லாபம்? காத்துக்கா? கடைசியில கம்ப்ரசர் போகும், அப்புறம் என்கிட்ட வந்து அழுவீங்க!"

கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். பாதிப் பேர் கோபித்துக்கொண்டு பின்தெருக் கடைக்காரனைக் கூப்பிடுவார்கள். அவன் வந்து காஸ் அடித்துவிட்டுப் போவான். வெயில் காலம் முடிவதற்குள் அவர்களே அசடு வழிய இவரிடம் திரும்பி வருவார்கள். அப்போது இவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், கட்டிக்கொண்ட எனக்கே பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருஷம் எல்லாம் தலைகீழாகப் போனது. திரும்பி வந்தவர்கள் அத்தனை பேரும் இவர் பார்த்துவிட்டு வந்த வீட்டுக்காரர்கள். "லீக் இல்லன்னு சொல்லி நீங்கதானே மாமா காஸ் போட்டீங்க? மறுபடியும் வெறும் காத்துதான் வருது" என்றார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவரா? வெறும் காஸ் மட்டும் போட்டுவிட்டு வருகிறவரா இவர்?

"நுரை போட்டுப் பார்த்தேன், லீக் இல்ல. பழைய மெஷின், அவ்வளவுதான். நீ சும்மா நோண்டாத" என்று என் வாயை அடைத்தார். மகள் பார்த்துப் பார்த்து ஒரு கருவி வாங்கி அனுப்பினாள், கசிவு இருந்தால் அதுவே சத்தம் போடுமாம். "பீப் பீப்னு கத்துற பெட்டியை நம்பியா நான் தொழில் கத்துக்கிட்டேன்?" என்று அதைப் பிரிக்கக்கூட இல்லை. வீம்பு! உடம்பு முழுக்க வீம்பு!

ஒரு நாள் எங்கள் படிக்கட்டுக்குப் பக்கத்தில் பின்தெருக் கடைக்காரனின் வண்டி நின்றது. வந்தது எங்கள் மேல்வீட்டுக்கு! இவருக்கு இருப்பது அந்த ஒரு பேர்தான். நுரை மாமா சொன்னால் சரியாக இருக்கும் என்ற அந்தப் பேர் போய்விட்டால், யார் கூப்பிடுவார்கள்? எதை வைத்துச் சாப்பிடுவது?

இந்தக் கண்றாவியில் எங்கள் படுக்கையறை ஏசியும் படுத்துக்கொண்டது. மெல்லிய பைப்பில் பனி கட்டி நின்றது. காஸ் குறைந்தால் அப்படித்தான் ஆகும், அதுவும் இவர் சொல்லித் தெரிந்ததுதான். "பார்த்துட்டேன், லீக் இல்ல, கொஞ்சம் காஸ் போட்டா சரியாயிடும்" என்றார் கூசாமல்.

எனக்கு வந்ததே கோபம்! ஏசியை அணைத்துவிட்டு, பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். வெளி யூனிட்டில் இரண்டு நட்டு. கீழ் நட்டில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி அப்பியிருந்தது. அதில் நுரையைத் தடவினேன். கடுகளவு குமிழி ஒன்று எழுந்து, பெரிதாகி, உடைந்தது. பின்னாலேயே இன்னொன்று.

"இங்க வாங்க! லீக் இல்லையாமே? இதோ பாருங்க!"

வந்து குனிந்தார். "எங்க?"

"உங்க மூக்குக்கு நேராத்தாங்க!"

"ஆமாமா, வருது வருது. சின்ன லீக்குதான்" என்று தலையாட்டினார்.

அவர் பார்த்துக்கொண்டிருந்தது மேல் நட்டை. அதில் நான் நுரையே தடவவில்லை.

எனக்குச் சுரீரென்றது. ஃபோனைக் கை நீட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடிப்பது, மாத்திரை அட்டையை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தது.

"கிட்டத்துல பார்த்தா உங்களுக்குக் கண்ணு தெரியல. எத்தனை நாளா இப்படி?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வாயைத் திறந்து சொல்லுங்களேன்! ஒரு கண்ணாடி போட்டுக்கிட்டா குறைஞ்சா போயிடுவீங்க?"

"கண்ணாடியோட போய் நின்னா, மாமாவுக்குக் கண்ணு போச்சும்பாங்க. அப்புறம் யார் கூப்பிடுவாங்க?"

"இப்ப மட்டும் கூப்பிட்டுக் கிழிக்கிறாங்களா?" என்று கத்தினேன். அக்கம்பக்கம் கேட்டிருக்கும். கேட்கட்டும்!

அந்த நேரம் பார்த்து அவர் ஃபோன் அடித்தது. கடைசி வீட்டுப் பாட்டு டீச்சர். இவர் ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"மாமா, நீங்க போட்ட காஸ் மறுபடியும் போயிடுச்சு. லீக்கே இல்லன்னு சொன்னீங்களே, அப்ப மெஷினே கோளாறுதானே? தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடறேன். என்ன சொல்றீங்க?"

'ஆமா டீச்சர்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாம் அதோடு மூடிப்போகும். இவர் தொண்டையைச் செருமினார்.

"வாங்காதீங்க டீச்சர். மெஷின் நல்லாத்தான் இருக்கு. லீக்கு இருக்கும். எனக்குத்தான் கண்ணு தெரியல. தெரியாமலே இல்லன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

இவ்வளவு நேரம் சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று கத்தியவள் நான்தான். சொன்னதும், ஃபோனைப் பிடுங்கி அணைத்துவிடலாமா என்றிருந்தது.

"சரி மாமா. அப்ப எப்ப வந்து பார்க்கறீங்க?" என்றார் டீச்சர்.

"நாளைக்குக் காலையில. நான் நுரை தடவறேன். என் வீட்டுக்காரி கூட வந்து பார்ப்பா. அவ கண்ணுக்கு எதுவும் தப்பாது."

என்னை ஒரு வார்த்தை கேட்டாரா இந்த மனுஷன்? எனக்கு வீட்டில் தலைக்கு மேல் வேலை கிடக்கிறது. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டு தோள் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை மணிக்குக் கிளம்பணும்னாவது சொல்லித் தொலைங்க" என்றேன்.