ஜூலை பத்தொன்பதில் என்ன நடந்தது?

மும்பை தாராவியில் கிரைண்டர் ரிப்பேர் பிரம்மநாயகத்தின் தொழில்; வரலாற்றைக் காப்பாற்றுவது அவர் கடமை. தமிழ் மன்ற வாசல் கரும்பலகையில் தினமும் 'மாநில வரலாற்றில் இன்று' எழுதுவார். எந்த மாநிலம் என்று மட்டும் கேட்கக் கூடாது. தமிழ்நாடு கைவிட்டால் மகாராஷ்டிரம். பிழைக்க வந்தவனுக்கு மாற்றுச் சட்டை வேண்டாமா?

ஜூலை பதினெட்டு ஜோராகப் போனது. தமிழ்நாட்டுக்குப் பெயர் வைத்த நாள் என்று எழுதி, அடியில் ஒரு பூவும் வரைந்தார். மறுநாள்தான் வந்தது வினை. போனைத் தேய்த்துத் தேய்த்து விரல் தேய்ந்ததே தவிர, இரண்டு மாநிலத்திலும் ஒன்றும் சிக்கவில்லை. வரலாறு முந்தின நாள் களைப்பில் லீவு போட்டிருந்தது.

மன்றப் பொருளாளர் ராஜபாண்டி, மச்சினனின் டியூஷன் பேனரோடு வந்து நின்றார். பலகை ஒருநாள் காலியாகக் கிடந்தாலும் அந்த இடம் பேனருக்கு என்பது கமிட்டி முடிவு.

"என்ன அண்ணாச்சி, இன்னிக்கு ஒரு ராஜாகூடப் பொறக்கலையா?"

"பொறும்வே!" என்று பிரம்மநாயகம் வீட்டுக்கு ஓடினார்.

குழாயடியில் நின்ற மனைவி முத்துமாரி அவர் முகத்தைப் பார்த்து, "யாரு செத்தா?" என்றாள்.

"யாரும் சாகலைங்கதுதான் பிரச்சினை. இன்னிக்கு ஒண்ணுமே நடக்கலை."

"குளிக்கையில துண்டு போடுத கல்லை என்னிக்காவது பாத்திருக்கேளா?"

குழாயடிக் கல்லில் கிடந்த துண்டை எடுத்தார். மராத்தியில் செதுக்கியிருந்தது: இந்தச் சந்துக்குக் குழாய் திறந்த நாள், ஜூலை பத்தொன்பது.

"இது சந்து வரலாறுல்லா?"

"சந்து என்ன, துபாயிலயா இருக்கு?"

பலகையில் ஏறியது: 'இன்று குழாய் வந்தது. முதல் குடம் பிடித்தவர் முத்துமாரி.' வரலாற்றாசிரியருக்கும் வீட்டில் சோறு வேண்டுமல்லவா?

அரைமணியில் ராஜபாண்டியின் மனைவி கோகிலவாணி வந்துவிட்டாள். "எவ சொன்னா? என் குடம்லா முதல்ல!"

"உன் குடம் அன்னிக்கு ஓட்டைல்லா?" என்றாள் முத்துமாரி.

அதுவரை பலகைப் பக்கம் திரும்பாத சந்தே கூடிவிட்டது. பிரம்மநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு வரி சேர்த்தார்: 'கோகிலவாணி என்றும் கூறுவர்.'

அந்த நேரம் பார்த்துத் தூறல் போட்டது. கோகிலவாணி புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். "என் பேரு அழிஞ்சுதுன்னா, ராத்திரி ஹோட்டல்தான் உங்களுக்கு."

ராஜபாண்டி அவசரமாகப் பேனரை விரித்துப் பலகைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். "அண்ணாச்சி, அந்தப் பக்கம் கொஞ்சம் பிடியும்வே!"