ஞாயிற்றுக்கிழமை லீவு போட்ட பூமி

தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது யுனிவர்சிட்டி வாட்ச்மேன் அண்ணன் போன் செய்தார். "மேரிக்கா, நம்ம நஸ்ரின் மேடம் தவறிட்டாங்க." காமாலை என்று மருத்துவமனையில் சேர்த்தது தெரியும். திரும்பி வந்துவிடுவாள் என்றுதான் இருந்தேன். பொழிச்சலூர் பஸ் பிடித்து அவள் வீட்டுக்குப் போய் முகம் பார்த்துவிட்டு வந்தேன்.

நான் அஞ்சாவது வரை படித்தவள். யுனிவர்சிட்டியில் பூகம்பம் படிக்கிற கட்டடத்தைப் பெருக்கித் துடைக்கிறவள். அங்கே அவளோடு படித்தவர்களும் அவளிடம் படித்தவர்களும் அவள் நினைவு மலருக்கு எழுதுகிறார்கள். நீயும் எழுது என்றார்கள்.

அவள் மாணவியாக இருந்த காலம். கீழ்த்தள அறையில் பூமியின் அதிர்வைப் பதிகிற கருவி இருக்கும். தினமும் காலை ஏழரைக்கு அதில் ஒரு சின்ன அதிர்வு விழுந்தது. பூமிக்குள் ஏதோ நடக்கிறது என்று மூன்று மாதம் அதையே படித்தாள். கண்டுபிடித்ததைப் பெரிய சார்களிடம் சொல்ல ஒரு வாரம்தான் இருந்தது. அப்போது ஒரு நாள் நான் பெருக்க வருவதற்கு முன்னாலேயே வந்து அந்த அறை வாசலில் நின்றாள்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை மட்டும் பூமி லீவு போடுது. உங்களுக்கும் அன்னிக்குத்தானே லீவு?"

"ஆமா, சர்ச்சுக்குப் போவேன். இன்னா இப்போ?"

"அந்த வாளியைக் கொஞ்சம் இழுங்க."

தண்ணீர் நிறைந்த இரும்பு வாளி. எனக்கு இடுப்பு வலி. தூக்காமல் தரையோடு இழுத்துப் போவதுதான் வழக்கம். இழுத்தேன். கம்ப்யூட்டரில் அதே கோடு துள்ளியது. அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

வாளியை விட்டுவிட்டுக் கேட்டேன். "என்னை வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்களாமா?"

அவள் கண்ணில் தண்ணீரோடு சிரித்தாள். "உங்கள எதுக்குக்கா தூக்கணும்? காலைல இங்க யார் வராங்கன்னு கேக்காதது நான்தானே."

சார்களிடமும் அதையேதான் சொன்னாள். டீ கொண்டுபோனவள் காதால் கேட்டேன். "பூகம்பம் இல்ல சார். என்னோட தப்பு." துடைக்கிற அம்மா என்று ஒரு வார்த்தை வரவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தாள். கூடப் படித்தவர்கள் பட்டம் வாங்கிப் போன பிறகும் அதே நாற்காலியில் இருந்தாள்.

பிறகு கதவில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டாள். உள்ளே வருகிறவர்கள் பெயர், நேரம், காரணம் எழுத வேண்டும். முதல் பெயர் என்னுடையது. "உங்க நேரம் மட்டும்தான்கா கரெக்டு. மத்தவங்கல்லாம் குத்துமதிப்பு" என்பாள். இங்கேயே பாடம் எடுக்க வந்ததும் புதுப் பிள்ளைகளிடம் முதல் நாளே என்னைக் காட்டுவாள். "இவங்கள கேக்காம பூமியப் பத்தி ஒரு வரி எழுதாதீங்க." கிண்டல் என்று நினைத்திருந்தேன். இல்லை.

அன்றிலிருந்து வாளியைத் தூக்கித்தான் போகிறேன். வீட்டில்கூட ஒரு ஸ்டூலை இழுப்பதில்லை. அவள் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது அதுதான்.

ஆனால் அடக்கம் முடிந்த மறுநாள் ஏழரைக்கு ஒரே ஒரு தடவை வாளியை இழுத்தேன். நோட்டில் பெயரும் நேரமும் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் நஸ்ரின் என்று எழுதியிருக்கிறேன். அந்தக் கோட்டைப் பார்த்து யாரும் குழம்ப வேண்டாம், பிள்ளைகளே. நான்தான்.