ஏழில் நிற்காத எண்ணிக்கை

உள்ளே இருந்த எல்லாரும் குதித்துவிட்ட பிறகு, ஒரு விமானம் தன்பாட்டில் பறந்துபோய் யார் தலையில் விழும்? எட்டு வயதில் நான் கேட்ட இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் டோர்செட் பார்க் என்ற புறநகர்ப் பகுதியில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து இந்த நாட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அப்பாவுக்கு இரண்டு வேலை. அம்மா தொழிற்சாலையிலிருந்து வர ஐந்து மணியாகும். பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து அதுவரை என்னையும் அண்ணாவையும் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் பார்த்துக்கொண்டார். அம்மா அவரை அங்கிள் என்று அழைத்து, வெள்ளிக்கிழமைகளில் வடை கொடுத்தனுப்புவார். காரம் தாங்காமல் கண்ணீர் வழிய அவர் அதைச் சாப்பிட்டு முடிப்பார்.

அவர் வீட்டுச் சுவரில் ஒரு படம். பெரிய விமானத்தின் முன்னால் ஏழு இளைஞர்கள். கடைசியில் நின்றவர் அவர். உலகப் போரில் குண்டு போட்டுத் திரும்பும்போது இறக்கையில் தீப்பிடிக்க, ஏழு பேரும் பாரசூட்டில் குதித்தார்களாம். ஒவ்வொருவராக ஒரு பண்ணை வீட்டுக்கு வந்துசேர, அவர் விரல் மடக்கி எண்ணியிருக்கிறார். ஏழு. ஒருவருக்கும் கால்கூட முறியவில்லை. விமானம் மட்டும் நெருப்போடு முகிலுக்குள் போனது.

"இவர் பொம்மரில இருந்தவரடி" என்றான் அண்ணா. குண்டு போடும் விமானத்தை ஊரில் பொம்மர் என்போம்; அதற்குள் ஆட்கள் இருப்பார்கள் என்று அதுவரை நான் நினைத்ததே இல்லை. எங்களுக்கு அது மேலிருந்து வரும் ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"அது விழுந்த இடத்தில ஆர் இருந்தவை?" என்று கேட்டேன்.

"பொத்திக்கொண்டு இரு. உனக்கு உதுதான் கேள்வியோ?" என்று அதட்டினான் அண்ணா.

கிழவர் விடவில்லை. நான் கேட்டதைச் சொல்லும்படி வற்புறுத்தி, அண்ணாவின் வாயால் அதை ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டார். பிறகு வானொலியை நிறுத்திவிட்டு, பால்கனிக் கண்ணாடியில் காதை வைத்தபடி நின்றார். சுவருக்குள் ஏதோ மெல்ல உறுமியது. லிஃப்ட் மோட்டர் என்றான் அண்ணா. எனக்கு அப்படிப் படவில்லை.

மறுநாள் அந்தப் படம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அவர் கதவைத் திறந்தார், ஆனால் எங்களோடு பேசவில்லை. இனி எங்களை வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார், அம்மா வேலையை விடவேண்டி வரும், எல்லாம் என் வாயால்தான் என்று பயந்துகொண்டே இருந்தேன்.

கோடை முடிகிற ஒரு சனிக்கிழமை. அம்மா இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தார். தூரத்தில் தொடங்கிய சத்தம் எங்கள் கட்டடத்தை நோக்கிக் கனத்துக்கொண்டு வந்தது. அம்மா அடுப்பை நிறுத்தினார், பத்திரங்கள் வைத்திருந்த பையை எடுத்தார், எங்கள் இருவரையும் நடைகூடத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். அங்கே உடைந்து சிதறக் கண்ணாடி ஜன்னல் இல்லை.

"குப்புறப் படுங்கோ. காதைப் பொத்தி வாயைத் திறவுங்கோ."

வெடிச் சத்தத்தில் செவிப்பறை கிழியாமலிருக்க ஊரில் பழகியது அது. நடைகூடத்தில் வேறு இரண்டு தமிழ்க் குடும்பங்கள் ஏற்கெனவே அப்படியே கிடந்தன. ஒருவரையொருவர் யாரும் கூப்பிடவில்லை. கம்பளத்தில் முகம் புதைத்து, வாய் திறந்து, எல்லாரும் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கிழவரின் கதவு திறந்தது. செருப்புகள் மெல்ல வந்தன, நின்றன, வந்தன. ஆங்கிலத்தில் எண்ணிக்கொண்டு வந்தார். என் தலைமாட்டில் நின்று, "ஒன்பது" என்றார். பதினான்கு வரை போனார். திரும்பவும் முதலிலிருந்து எண்ணினார். சத்தம் ஏரிப் பக்கம் போய் மறைந்த பிறகு, "எல்லாரும் இருக்கிறார்கள்" என்று சொல்லி, சுவரோடு சரிந்து உட்கார்ந்தார்.

"அது விமானக் காட்சியாம் அன்ரி. ரீவியில காட்டுறாங்கள்" என்றார், தன் வீட்டுக்குள் போய்ப் பார்த்து வந்த ஒருவர். எல்லாரும் உடுப்பைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அம்மா கிழவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"கிழவருக்கு மூளை தட்டிப்போட்டுது. தன்ர கூட்டாளிமாரைத் தேடுறார்" என்றான் அண்ணா. நானும் அதையே நம்பினேன். திங்கட்கிழமை அவர் எங்களோடு பேசினார், படமும் நேராகத் தொங்கியது. எனக்கு அது போதுமாயிருந்தது. கூட்டாளிகள் ஏழு பேர்தான். நான் ஒன்பதாவது ஆள். அவர் ஏழில் நிற்கவில்லை என்பது எனக்கு உறைக்கப் பல வருடங்கள் ஆயின.

இப்போது நாங்கள் விட்பி என்ற ஊரில் இருக்கிறோம். போன வாரம் வீட்டுக்கு மேலே ஒரு விமானம் தாழப் போனது. என் ஆறு வயது மகன் வாயைத் திறந்துகொண்டு பார்த்தான். வியப்பு என்று நினைத்தேன். பிறகுதான் அவன் காதுகளைப் பொத்தியிருப்பதைக் கண்டேன். நான் அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. என் கைகள் அப்போது எங்கே இருந்தன என்று பார்த்தேன். என் காதுகளில் இருந்தன.

"அதுக்குள்ள ஆர் அம்மா?" என்று கேட்கிறான். விமானக் காட்சிக்குக் கூட்டிப் போகவும் சொல்கிறான். கூட்டிப் போனால் பயம் தெளியுமா, அல்லது என் பயத்தை அங்கே முழுதாகக் காட்டிக்கொடுத்துவிடுவேனா? கிழவரின் கதையை ஆறு வயதில் சொல்லலாமா? பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது எனக்கு எழுதுங்கள்.