பன்னிரண்டு மணிக்குள் கலஹாவிலிருந்து கண்டிக்கு

1939 செப்டெம்பர். யுத்தம் தொடங்கிச் சில நாட்களே ஆகியிருந்தன. ஊர் பார்க்கும் மனநிலையில் நான் கலஹாவுக்குப் போகவில்லை. எங்கள் கண்டிப் பாடசாலையில் பியானோ கற்பிக்கும் ஹன்னா விடுமுறைக்கு அங்கே ஒரு தோட்டத்துப் பங்களாவில் தங்கியிருந்தாள். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதப் பெண்; ஆனால் கடவுச்சீட்டு ஜெர்மன். சனிக்கிழமை நண்பகலுக்குள், சொத்துள்ள பிரித்தானியப் பிரஜை ஒருவரின் பிணைக் கையெழுத்தோடு கண்டிப் பொலிஸில் நிற்காவிட்டால் அவளுக்குத் தடுப்பு முகாம்தான். கட்டளை வெள்ளி மாலைதான் பாடசாலைக்கு வந்தது.

பிணைக்கு எஸ்ரா இருக்கிறார் என்று நம்பினேன். கண்டிக் குளத்தின் மறுகரையில் குடியிருக்கும் பக்தாத் யூத வியாபாரி; பிரித்தானியப் பிரஜை. ஹன்னாவை இந்த நாட்டுக்கு அழைப்பித்தவரும் அவர்தான். சனி காலை போனபோது பிரார்த்தனையில் இருந்தார். சமையல்காரரிடம் செய்தி சொல்லிவிட்டு ஆறரை பஸ்ஸில் ஏறினேன். பதினான்கு மைல், நாற்பது சதம், ஒன்றேமுக்கால் மணி நேரம்.

திரும்பும் பஸ் ஒன்பதே முக்காலுக்கு; ஹன்னாவைக் கூட்டிக்கொண்டு ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

"என்னங்க டீச்சரம்மா, பஸ்ஸ நீங்களே தள்ளுற மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றார் சாரதி.

"பன்னிரண்டுக்கு முன்னம் கண்டியில நிக்கவேணும், தம்பி."

"அப்ப எறங்கித் தள்ளுங்க, வெரசா போயிரலாம்!"

பஸ்ஸே சிரித்தது. ஹன்னா சிரிக்கவில்லை. "இன்று எஸ்ராவுக்கு ஓய்வுநாள்," என்றாள் ஆங்கிலத்தில். "பேனா தொடமாட்டார், வண்டி ஏறமாட்டார், குடைகூடப் பிடிக்கமாட்டார். அவரிடம் நான் கேட்கமாட்டேன்."

ஞாயிறு மட்டுமே எனக்கு ஓய்வுநாளாகத் தெரிந்திருந்தது; யூதருக்கு அது சனியாம், எந்த வேலையும் கூடாதாம். பேராதனையில் மழை பிடித்துக்கொண்டது.

பதினொன்று நாற்பதுக்குப் பொலிஸ் வாசலை அடைந்தோம். உள்ளே வாங்கில் எஸ்ரா சொட்டச் சொட்ட நனைந்து உட்கார்ந்திருந்தார். எழுதுவினைஞர் பேனாவை நீட்டினார். எஸ்ரா ஒரு கணம் தன் கையையே பார்த்தார். பிறகு கையெழுத்திட்டார். ஹன்னா பஸ்ஸில் சொன்னதை அவரிடம் சொன்னேன்.

"உயிருக்கு ஆபத்தென்றால் ஓய்வுநாள் வழிவிட வேண்டும். கேட்கமாட்டாளாம்! நல்ல பிள்ளை!" என்று ஹன்னாவைக் கடிந்தார்.

வெளியே ரிக்ஷாவைக் கூப்பிட்டேன். தடுத்துவிட்டார். "ஆபத்து அந்தப் பேனாவோடு முடிந்தது. இனி எனக்குச் சனிக்கிழமை." குடையில்லாமல் மழையில் இறங்கினார். ஹன்னா தன் குடையை மடக்கிக்கொண்டு பின்னால் போனாள். எஸ்ராவின் மேசையில், ஐரோப்பாவிலிருந்து தப்பி வர இடம் கேட்கும் யூதர்களின் கடிதங்கள் இன்னும் கிடக்கின்றன என்று ஹன்னா பிறகு சொன்னாள். அவர்களுக்கு எந்தக் கிழமை, எந்தப் பஸ்? அன்றிலிருந்து இதுதான் மனதைக் குடைகிறது.

கலஹா போகிறவர்கள் திரும்பிவர இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். இடப்பக்க இருக்கை நல்லது. பொலிஸிலிருந்து குளத்தின் மறுகரைக்கு நடக்க நாற்பது நிமிடம், மழையில் நனைந்துகொண்டு. குடை பிடித்து நடந்தால் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.